2.2 சதவீதமும் 53.4 சதவீதமும்: தமிழ்நாட்டில் பசி எங்கே இருக்கிறது?

தமிழ்நாட்டில் ஏழைகள் வெறும் 2.2 சதவீதம்தான் என்று நிதி ஆயோக் 2023-இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீடு சொல்கிறது. அதே தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. வேறுவேறு காலத்துக் கணக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2019-21-இல் எடுத்த அந்தக் குடும்ப நல ஆய்வின் தரவை வைத்துத்தான் நிதி ஆயோக்கும் தன் கணக்கைப் போட்டது.

மேடையில் ஒருவர் முதல் எண்ணைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார். தொலைக்காட்சி விவாதத்தில் இன்னொருவர் இரண்டாவது எண்ணை நீட்டுகிறார். கேட்பவருக்கு யாரோ ஒருவர் புளுகுகிறார் என்றுதான் தோன்றும். இரண்டு எண்களும் சரியானவையே. அவை அளப்பது வேறுவேறு. அதைப் புரிந்துகொள்ள, பசி என்ற சொல்லில் இருந்தே தொடங்க வேண்டும்.

ஒரே சொல், மூன்று பொருள்

1. வயிற்றுப் பசி. அடுப்பு எரியாத நாள், சாப்பிடாமல் படுத்த இரவு. பசி என்றதும் நம் மனதில் வருவது இதுதான்.

2. உணவுப் பாதுகாப்பின்மை. இன்று சோறு உண்டு, அடுத்த வாரம் உண்டா என்று தெரியாது. அல்லது சோறு உண்டு, அதற்கு மேல் ஊற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. 1996-இல் ரோமில் நடந்த உலக உணவு மாநாடு தந்த வரையறைப்படி, எல்லோருக்கும் எப்போதும் போதுமான, பாதுகாப்பான, சத்துள்ள உணவு கைக்கெட்ட வேண்டும். கடையில் சரக்கு இருந்தால் மட்டும் போதாது, வாங்கக் காசும் வேண்டும் என்பது இதற்குள் அடக்கம்.

3. மறைபசி. வயிறு நிறைந்திருக்கும், ரத்தத்தில் இரும்புச்சத்து இருக்காது. படியேறினால் மூச்சு வாங்கும். பசி என்று யாரும் சொல்லமாட்டார்கள், 'அசதியா இருக்கு' என்பார்கள்.

இரண்டாவது வகையை அளக்க ஐக்கிய நாடுகள் உணவு, வேளாண் அமைப்பு எட்டுக் கேள்விகள் வைத்திருக்கிறது. கடந்த 12 மாதங்களில், காசு இல்லாததால், உணவு போதாமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டதுண்டா என்பது முதல் கேள்வி. சத்தான உணவு சாப்பிட முடியாமல் போனதா, தினமும் ஒன்றிரண்டு வகையையே தின்ன வேண்டியிருந்ததா என்பவை அடுத்த இரண்டு. பிறகு ஒரு வேளை விட்டது, அளவைக் குறைத்தது, வீட்டில் உணவே தீர்ந்தது, பசித்தும் சாப்பிடாதது என்று படிப்படியாக ஏறி, ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்ததுண்டா என்பதில் முடியும். தமிழ்நாட்டில் குறைந்த வருமானக் குடும்பங்களின் சிக்கல் பெரும்பாலும் முதல் நான்கு கேள்விகளுக்குள் இருக்கிறது என்பது என் கணிப்பு. செய்தியாவதோ எட்டாவது கேள்விக்கு 'ஆமாம்' என்பவர்கள் மட்டும்தான்.

உலகப் பசிக் குறியீடு வெளியாகும்போது வரும் குழப்பமும் இதே இனம். 2024-இல் அதில் இந்தியாவுக்கு 127 நாடுகளில் 105-ஆவது இடம். அதன் நான்கு அளவுகோல்களில் மூன்று ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றியவை: வயதுக்கேற்ற உயரம் இல்லாமை, உயரத்துக்கேற்ற எடை இல்லாமை, குழந்தை இறப்பு. பெயர் பசிக் குறியீடு; அளப்பதில் பெரும்பங்கு குழந்தைகளின் உடல்நலம். அது வேண்டாத வேலை என்று சொல்லவரவில்லை. பெயரை மட்டும் படித்துவிட்டு 'இங்கே யார் பட்டினி கிடக்கிறார்கள்' என்று சண்டைக்குப் போவதில்தான் பயனில்லை.

2.2 எப்படி வந்தது?

நிதி ஆயோக்கின் குறியீட்டில் 12 அளவுகோல்கள் உண்டு. ஊட்டச்சத்து, படித்த ஆண்டுகள், பள்ளி வருகை மூன்றுக்கும் ஆறில் ஒரு பங்கு மதிப்பெண். குழந்தை மற்றும் வளரிளம் பருவத்தினர் இறப்புக்கும் தாய்நலத்துக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு. சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, சொத்து, வங்கிக்கணக்கு ஏழுக்கும் இருபத்தொன்றில் ஒரு பங்கு. இல்லாமையின் மொத்தம் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால்தான் அந்தக் குடும்பம் 'ஏழை' என்று பதிவாகும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை எடை குறைவு: 16.7 மதிப்பெண். விறகடுப்பு: 4.8. ஓலைக் கூரை, மண்தரை: 4.8. கூட்டினால் 26.3. வீட்டில் கரண்ட் இருக்கிறது, வங்கிக்கணக்கு இருக்கிறது, தெருக்குழாயில் தண்ணீர் வருகிறது, பெரியவன் பள்ளிக்கூடம் போகிறான். எல்லைக்கோடு 33.3 என்பதால் கணக்கில் இந்தக் குடும்பம் ஏழை இல்லை. தமிழ்நாடு மின்சாரம், பள்ளி, மருத்துவமனைப் பிரசவம் ஆகியவற்றில் பல பத்தாண்டுகளாக முன்னேறியதால், இந்த வகைக் குடும்பங்கள் இங்கே கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டன. அது பொய்யான முன்னேற்றம் இல்லை. குழந்தையின் எடையும் பொய் இல்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அந்தக் குறியீட்டின் ஊட்டச்சத்து அளவுகோல் உயரத்தையும் எடையையும்தான் பார்க்கிறது. ரத்தசோகை அதில் இல்லவே இல்லை. ஆகவே 53.4 சதவீதம் எழுபதாக உயர்ந்தாலும் 2.2 அசையாது.

ரேஷன் கடை எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை

1997-இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தபோது, தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்காமல் எல்லோருக்குமான ரேஷனைத் தொடர்ந்தது. அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தரப்படுகின்றன. வெளிச்சந்தையில் துவரம் பருப்பு நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் காலத்தில் இது சின்ன உதவி இல்லை.

ரேஷன் ஸ்மார்ட் கார்டில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். பி.எச்.எச். என்றால் முன்னுரிமைக் குடும்பம். பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்றால் மிக ஏழைகளுக்கான அந்த்யோதயா அட்டை, மாதம் 35 கிலோ அரிசி. என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமை இல்லை, ஆனால் இங்கே அரிசி உண்டு. என்.பி.எச்.எச்.-எஸ். சர்க்கரை அட்டை. என்.பி.எச்.எச்.-என்.சி. எந்தப் பொருளும் வாங்காத அட்டை. வேறு பல மாநிலங்களில் முன்னுரிமைப் பட்டியலில் பெயர் விடுபட்டால் மொத்தமும் போய்விடும். இங்கே பட்டியல் போடுவதில் அதிகாரி செய்யும் தவறு ஒரு குடும்பத்தின் சோற்றைப் பறிப்பதில்லை. எல்லோருக்கும் ஏன் இலவச அரிசி, வசதியானவனுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய முதல் பதில் இது.

இனி ஒரு கணக்கு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவரின் தட்டில் எது எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அதை நான்கு பேருக்கு, 30 நாளுக்குப் பெருக்கி, ரேஷனோடு பொருத்திப் பார்க்கலாம்.

1. தானியம்: ஆளுக்கு 250 கிராம் வீதம் 30 கிலோ. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ரேஷன் அரிசி 20 கிலோ. மூன்றில் இரண்டு பங்கு வந்துவிட்டது.
2. பருப்பு, முட்டை, மீன், கறி சேர்த்து: ஆளுக்கு 85 கிராம் வீதம் 10.2 கிலோ. ரேஷன் பருப்பு 1 கிலோ. பத்தில் ஒரு பங்கு.
3. எண்ணெய்: 27 கிராம் வீதம் சுமார் 3.2 கிலோ. ரேஷனில் 1 லிட்டர்.
4. காய்கறி, கீரை: 400 கிராம் வீதம் 48 கிலோ. பழம் 12 கிலோ. பால் 36 லிட்டர். ரேஷனில் எதுவும் இல்லை.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த அளவு குறையும், மண் சுமப்பவர் வீட்டில் கூடும். ஆனாலும் படம் தெளிவு. தமிழ்நாட்டு அரசு தட்டின் வெள்ளைப் பகுதியைப் பெருமளவு நிரப்பிவிட்டது. மஞ்சளும் பச்சையும் குடும்பத்தின் கைக்காசைப் பொறுத்தது.

தட்டின் இந்தச் சாய்வு இன்னொரு எண்ணையும் விளக்குகிறது. அதே குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 12.6 சதவீதம் பேர் எடை குறைவு, 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன். ரத்தசோகை பாதிப் பேருக்கு மேல். பருமனும் ரத்தசோகையும் ஒரே உடம்பில் சேர்ந்திருக்கவும் முடியும். மலிவாகக் கிடைக்கும் மாவுச்சத்தும் எண்ணெயும் எடையைக் கூட்டும், ரத்தத்தைக் கூட்டாது. 'நல்லாத்தானே இருக்கா, இவளுக்கென்ன பசி' என்ற பேச்சு எங்கே தவறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

மாதத்தின் கடைசி வாரம்

தினக்கூலி வீட்டின் குழம்பைப் பார்த்தாலே தேதி சொல்லிவிடலாம். ரேஷன் பருப்பு வாங்கிய வாரத்தில் சாம்பார் கெட்டியாக இருக்கும், கத்திரிக்காயோ முருங்கைக்காயோ மிதக்கும். 15-ஆம் தேதிக்கு மேல் பருப்பு குறைந்து தண்ணீர் கூடும். 20 தாண்டினால் ரசம். கடைசி வாரத்தில் பழைய சோறு, பச்சை மிளகாய் அல்லது அஞ்சு ரூபாய் ஊறுகாய்ப் பொட்டலம். யாரும் பட்டினி இல்லை. ஆனால் அந்த எட்டுக் கேள்விகளில் முதல் மூன்றுக்கு இந்த வீடு 'ஆமாம்' என்றுதான் சொல்லும்.

இப்படி ஆவதற்குக் காரணங்கள்:

1. வருமானம் ஒழுங்காக வருவதில்லை, செலவு ஒழுங்காக வருகிறது. வாடகை, கரண்டு பில், மகளிர் குழுக் கடனின் வாரத் தவணை எதையும் தள்ளிப்போட முடியாது. தள்ளிப்போடக்கூடிய ஒரே செலவு சாப்பாடு. நுண்கடன் நிறுவனங்களின் வசூல் நெருக்கடி எந்த அளவுக்குப் போனது என்றால், கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. தவணைக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டால் முதலில் நிற்பது முட்டையும் பாலும்தான்.

2. பருவம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். நாளுக்கு 131 ரூபாய். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்காலத்தில் வேலை இல்லை. 2022 முதல் 5,000 ரூபாய் தரப்படுகிறது. நூறுநாள் வேலையில் 2024-25-க்கான கூலி நாளுக்கு 319 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஆனால் அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் கூலியே வராமல் நிலுவையில் நின்றது. கூலி எவ்வளவு என்பதைவிட எப்போது கைக்கு வரும் என்பதுதான் இங்கே பசியைத் தீர்மானிக்கிறது.

3. சில்லறையாக வாங்குவதன் விலை. மொத்தமாக ஒரு கிலோ எண்ணெய் வாங்கக் காசு இருப்பவருக்கு ஒரு விலை. பத்து ரூபாய்ப் பாக்கெட்டாக வாங்குபவர் கணக்குப் பார்த்தால் கிலோவுக்குக் கூடுதலாகத்தான் கொடுத்திருப்பார். அண்ணாச்சி கடை நோட்டில் கடன் ஓடும்போது விலையைப் பேசவும் முடியாது.

4. வழங்கல் தடுமாறினால் இந்தக் குடும்பங்களிடம் மாற்று இல்லை. 2024 மே மாதத்தில் பல ரேஷன் கடைகளில் துவரம் பருப்பும் பாமாயிலும் வரவில்லை. மே மாதப் பங்கை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. ஏட்டில் யாருக்கும் இழப்பு இல்லை. ஆனால் ஜூனில் இரண்டு கிலோ பருப்பு கிடைத்தாலும் மே மாதத்தில் தின்னாமல் விட்டதைத் தின்ன முடியாது.

இந்த இடத்தில் 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையின் பங்கைச் சொல்ல வேண்டும். ஆயிரம் ரூபாய், குடும்பத் தலைவியின் வங்கிக்கணக்கில், மாதத்தின் நடுவில். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருப்பது, ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் மின்சாரம் செலவழிப்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. பணம் 15-ஆம் தேதி வாக்கில் வருவது, சாம்பார் ரசமாக மாறும் நேரத்தோடு பொருந்துகிறது. திட்டமிட்டுச் செய்ததோ தற்செயலோ, நல்ல தேதி.

ரேஷன் அரிசியை ஏன் விற்கிறார்கள்?

ரேஷன் அரிசி கடத்தல் என்று வாராவாரம் செய்தி வருகிறது. குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுத் துறை என்று தனிப் பிரிவே இதற்காக இயங்குகிறது. லாரியில் கேரளாவுக்கோ ஆந்திராவுக்கோ போகும் மூட்டைகளின் ஒரு ஊற்று, வீடுவீடாக வந்து கிலோ சில ரூபாய்க்கு வாங்கிப் போகும் ஆட்கள். 'இலவசமாகக் கொடுத்தால் விற்கத்தானே செய்வார்கள்' என்ற முடிவுக்கு அவசரப்பட வேண்டாம். மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். அரிசி மட்டும் ஓரளவு இருந்து, பருப்பும் காயும் வாங்கக் காசு இல்லாத வீட்டில், நான்கு கிலோ அரிசி என்பது அரைக் கிலோ தக்காளி. விற்பது குற்றம்தான், அந்த விலைக்கு விற்பது நட்டமும்கூட. ஆனால் அந்த வீட்டில் அரிசி மிஞ்சிவிட்டது என்பது காரணம் இல்லை. ரேஷன் ஒரே பொருளில் குவிந்திருப்பதுதான் காரணம். பெரும்பாலான வீடுகள் விற்பதும் இல்லை. இட்லி, தோசைக்கு ஊறப்போட்டுவிடும்.

குழந்தைகள்: பள்ளி மணி அடிக்கும் வரை

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டின் வரலாறு நீளம். 1920-இல் சர் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு, 1956-இல் காமராசர், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆரின் சத்துணவு, பிறகு முட்டை, அதுவும் இப்போது வாரத்துக்கு ஐந்து. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது.

காலை உணவுக்கு முந்தைய இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமலும், 14.6 சதவீதம் பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாமலும் இருப்பதாக 2019-21 ஆய்வு சொன்னது. அகில இந்திய அளவு 35.5, 19.3. ஒப்பிட்டால் நாம் மேல். ஆனால் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ளவர்களிடம் ரத்தசோகை அதற்கு முந்தைய ஆய்வில் 50.7 சதவீதமாக இருந்து 57.4 ஆகிவிட்டது. ஓட்டைகள் எங்கே என்று தேடினால் மூன்று தெரிகின்றன.

ஒன்று, வயது. வளர்ச்சி முடங்குவது கருவிலும் முதல் இரண்டு வயதிலும். பள்ளிச் சாப்பாடு தொடங்குவது அதற்குப் பின். அங்கன்வாடி தரும் சத்துமாவுதான் இடையில் இருக்கும் பாலம். அது வீட்டுக்குப் போனதும் எல்லோருக்கும் பங்காகிவிடும். இரண்டு, வகுப்பு. காலை உணவு ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு ஜூன் மாதத்தில் பசி குறைந்துவிடுவதில்லை. வளரும் வயதில் கூடத்தான் செய்யும். மூன்று, விடுமுறை. மே மாதத்தில் காலை உணவுப் பொங்கலும் இல்லை, மதிய முட்டையும் இல்லை. கடலோரத்தில் அது மீன்பிடித் தடைக்காலமும்கூட.

செறிவூட்டிய அரிசி

ரத்தசோகைக்கு அரசு கண்டுபிடித்த வழி, ரேஷன் அரிசியிலேயே இரும்புச்சத்து, போலிக் அமிலம், பி12 கலப்பது. அரிசி மாவில் இந்தச் சத்துகளைச் சேர்த்து அரிசி வடிவில் பிழிந்தெடுத்த மணிகளை நூற்றுக்கு ஒன்று என்று கலந்தார்கள். கழுவும்போது சில மணிகள் மிதப்பதைப் பார்த்து 'பிளாஸ்டிக் அரிசி' என்று பயந்து பொறுக்கிப் போட்டவர்கள் ஏராளம். அந்த மணியில்தான் சத்தே இருக்கிறது. கடையில் ஒரு தட்டில் போட்டுக் காட்டி விளக்கியிருந்தால் பாதி வதந்தி அடங்கியிருக்கும்.

அரிசி கெட்டதில்லை என்பதால் அது போதும் என்றும் ஆகாது. தானியத்தில் உள்ள இரும்பு உடலில் நன்றாக ஏற வைட்டமின் சி உதவும். சாப்பிட்டதும் குடிக்கும் டீ அதைத் தடுக்கும். நெல்லிக்காயும் கீரையும் வாங்க முடியாத தட்டில் மணியை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான் நடக்கும்.

அட்டைக்கு வெளியே இருப்பவர்கள்

எல்லோருக்கும் ரேஷன் என்றாலும் அட்டை வேண்டும். அட்டைக்கு ஆதார், முகவரி, தனிச் சமையல் வேண்டும். புறம்போக்கில் குடிசை போட்ட இருளர் குடும்பத்துக்கும், செங்கல் சூளையில் அரை ஆண்டு, ஊரில் அரை ஆண்டு இருப்பவர்களுக்கும் இது எளிதாக அமைவதில்லை. மகன் அட்டையில் பெயர் இருந்து, மகன் வீட்டில் இடம் இல்லாத முதியவர்களும் உண்டு. கைரேகை தேய்ந்துபோனவர்கள் மெஷின் முன்னால் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பதை எந்தக் கடையிலும் பார்க்கலாம். 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது இதனால்தான்.

பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உழைப்பவர்களுக்கு, 2020 அக்டோபரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே ரேஷன்' வழியாக ஆளுக்கு ஐந்து கிலோ தானியம் உண்டு. மாநில அரசின் மானியப் பருப்பும் எண்ணெயும் அவர்களுக்கு இல்லை.

2027 மார்ச் ஏன் முக்கியம்?

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தது. தமிழ்நாடு அதில் சேர்ந்தது 2016 நவம்பரில். அந்தச் சட்டப்படி மத்திய அரசு தானியம் தருவது தமிழ்நாட்டின் 3.64 கோடிப் பேருக்கு: கிராமத்தில் 62.55 சதவீதம், நகரத்தில் 37.79 சதவீதம். இந்த எண்ணிக்கை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துப் போட்டது. அதற்குப் பிறகு பிறந்தவர்கள், பெருகிய நகரங்கள் எதுவும் அதில் ஏறவில்லை. மாநிலம் பழைய அளவில் வாங்கிவந்த அரிசி குறையாமல் இருக்க, மத்திய அரசு கூடுதல் ஒதுக்கீட்டைக் கிலோ 8.30 ரூபாய்க்குத் தருகிறது. அந்தப் பணத்தையும், இலவசமாகக் கொடுப்பதன் செலவையும், பருப்பு, பாமாயில் மானியத்தையும் மாநிலமே சுமக்கிறது.

அடுத்த கணக்கெடுப்பின் ஆதார நாள் 2027 மார்ச் 1. மக்கள்தொகை கூடியிருப்பதால் நாடு முழுவதும் பயனாளிகள் எண்ணிக்கை கூட வேண்டிவரும். மாநிலங்களுக்கிடையே அது எப்படிப் பிரியும் என்பதுதான் தமிழ்நாட்டின் கேள்வி. ஏழைகள் 2.2 சதவீதம்தான் என்ற எண் அப்போது டெல்லி மேசையில் இருக்கும். 53.4-ஐயும் அதன் பக்கத்தில் வைக்க வேண்டிய வேலை மாநிலத்துடையது.